செப்புத்தகட்டில் ஒரு முகம்

2018ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் மகளின் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கியிருந்தேன். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் எனக்கு நடப்பதைத் தவிர வேறு அலுவல் இல்லை. அப்படி நடந்த ஒரு பின்னேரம், சாரிங் குறொஸ் வீதிக்கு அண்மையிலுள்ள சந்தொன்றில், பழைய அச்சுப் படங்கள் விற்கும் சிறிய கடையொன்றுக்குள் மழைக்கு ஒதுங்கினேன். நான் வாங்க வந்தவனல்ல என்பது கடைக்காரருக்குப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் முகம் சுளிக்கவில்லை. மழை விடும்வரை பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்லி ஒரு பெரிய மட்டை உறையைத் திறந்து மேசையில் வைத்தார்.

அந்த உறைக்குள் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருந்தது அந்தப் படம். தோளையும் தாண்டி வழியும் பொய்முடி. அதன் நடுவே ஒடுங்கிய, வயதான ஒரு முகம். கையில் கவராயம். பக்கத்து மேசையில் விரித்து வைக்கப்பட்ட தேவாலயமொன்றின் வரைபடம். படம் முழுவதும் கறுப்பும் சாம்பலும்தான். ஆனால் அந்தக் கறுப்பு நமது புத்தகங்களில் காணும் கறுப்பல்ல. வெல்வெட் துணியில் கை வைத்தால் வருவது போன்றதோர் ஆழம் அதில் இருந்தது.

"சேர் கிறிஸ்தோபர் றென்" என்றார் கடைக்காரர். "சென்ற் போல்ஸ் தேவாலயத்தைக் கட்டியவர்."

விலையைக் கேட்டேன். கேட்டதும் படத்தின் ஓரத்திலிருந்து கையை மெதுவாக எடுத்துக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பார்ப்பதற்குக் காசில்லை என்றார். பரோக் காலத்து மனிதர் ஒருவரின் செதுக்கோவியத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நான் நின்றது அவருடைய பெருந்தன்மையால்தான். அந்த அரைமணி நேரத்துக்குப் பின்னால் இத்தனை விடயங்கள் வந்து சேரும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

அந்தப் படம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதைக் கடைக்காரரே விளக்கினார். மெசோடின்ற் என்பது அதன் பெயர். சாதாரணச் செதுக்கோவியத்தில் வழவழப்பான செப்புத் தகட்டில் உளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். கீறிய இடத்தில் மை தங்கும். மெசோடின்றில் வேலை நேர்மாறாக நடக்கும். சின்னஞ்சிறு பற்கள் வைத்த வளைந்த உளியொன்றைத் தகடு முழுவதும் பல திசைகளிலும் ஆட்டி ஆட்டி உருட்டி, ஓரிடம் விடாமல் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவி அச்சிட்டால் தாள் முழுக்கக் கறுப்பாகத்தான் வரும். அதற்குப் பிறகு வெளிச்சம் வேண்டிய இடங்களை மட்டும் சுரண்டியும் மினுக்கியும் எடுப்பார்கள். நெற்றி, மூக்கின் நுனி, கைவிரல், தாளின் விளிம்பு என்று ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து மேலே வரும். மினுக்காமல் விட்டது எல்லாம் இருட்டிலேயே இருந்துவிடும். தகட்டின் சொரசொரப்பு சீக்கிரம் தேய்ந்துபோவதால் முதலில் எடுக்கும் பிரதிகளுக்கே அந்த ஆழமான கறுப்பு வாய்க்கும்.

இந்த முறையை முதலில் கண்டவர் லூட்விக் வொன் சீகன் என்ற ஜேர்மன் இனத்தவர். அவருடைய முதற் படம் 1642இல் வந்தது. றென்னின் மகன் தொகுத்து, பேரன் 1750இல் வெளியிட்ட 'பாரன்டாலியா' என்ற குடும்ப வரலாற்று நூலோ, இதைக் கண்டுபிடித்தவரே றென்தான் என்று உரிமை கோருகிறது. 1642இல் றென்னுக்குப் பத்து வயது கூட நிறையவில்லை. மகன்மாரும் பேரன்மாரும் எழுதும் சரித்திரம் எங்கும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது.

நான் பார்த்த படத்தைச் செதுக்கியவர் ஜோன் ஸ்மித். அக்காலத்து இங்கிலாந்தின் பேர்பெற்ற மெசோடின்ற் கலைஞர் அவர். கொவன்ட் கார்டன் பகுதியின் றசல் வீதியில் சொந்தமாகக் கடை வைத்துத் தன் படங்களைத் தானே அச்சிட்டு விற்றார். அரச சபை ஓவியரான கொட்ஃப்றி நெல்லர் 1711இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படமே இதற்கு மூலம். இப்போது அது லண்டன் தேசிய உருவப்பட மண்டபத்துக்கு உரியது. ஸ்மித்தின் செதுக்கோவியம் வெளியானது 1713இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

றென் 1632இல் பிறந்தவர். அவர் கட்டடக் கலைஞராகப் பயின்றவரல்லர்; வானியலும் கணிதமும் படித்தவர். 1661இல் ஒக்ஸ்போர்ட்டில் வானியற் பேராசிரியரானார். 1666 செப்டெம்பரில் நான்கு நாட்கள் எரிந்த பெருந்தீயில் லண்டனின் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் அழிந்தன. அந்தச் சாம்பலிலிருந்துதான் அவருடைய வாழ்க்கை வேறு திசைக்குத் திரும்பியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் அவருடைய மேற்பார்வையில் எழுந்தன. சென்ற் போல்ஸின் முதற்கல் 1675இல் வைக்கப்பட்டது; மாடத்தின் உச்சிக் கல் 1708இல். லண்டனுக்குள் வந்த நிலக்கரிக்கு விதித்த வரியிலிருந்து அதற்குப் பணம் வந்தது.

அவருக்கு ஆண்டுச் சம்பளம் 200 பவுண். வேலை இழுபடுகிறது என்று சொல்லி 1697இல் பாராளுமன்றம் அதிலும் பாதியைப் பிடித்து வைத்தது, கட்டி முடித்த பிறகுதான் மீதி என்று. வயது போன அந்த மனிதரைக் கூடையில் உட்காரவைத்துக் கயிற்றால் இழுத்து மாடத்தின் உயரத்துக்கு ஏற்றுவார்களாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஏறி இறங்கி அவர் வாங்கியது அந்த 200 பவுண்தான் என்று மார்ல்பறோ சீமாட்டி ஒருமுறை குத்திக் காட்டியிருக்கிறார். பிடித்து வைத்த சம்பளம் கடைசியில் 1711இல்தான் கைக்கு வந்தது. நெல்லர் அவரைத் தீட்டியதும் அதே ஆண்டில். பொய்முடிக்குக் கீழே அந்த முகத்தில் களைப்பும் திருப்தியும் ஒன்றாகத் தெரிவது போல எனக்குப் பட்டதற்கு இதை அறிந்ததுதான் காரணமோ என்னவோ.

அடுத்த நாளே சென்ற் போல்ஸுக்குப் போனேன். மகள் நுழைவுச் சீட்டை முன்னதாகவே எடுத்துத் தந்திருந்தாள். அந்த மாடம் ஒன்றல்ல, மூன்று. உள்ளே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிவது செங்கல்லால் கட்டிய உள் மாடம். வெளியே தெருவிலிருந்து தெரிவது மரச் சட்டத்தின் மேல் ஈயத் தகடு போர்த்திய வெளி மாடம். இரண்டுக்கும் நடுவே, யார் கண்ணுக்கும் தெரியாமல், செங்கல்லால் ஆன ஒரு கூம்பு நிற்கிறது. உச்சியிலுள்ள ஏறத்தாழ 850 தொன் கற்கோபுரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் கூம்புதான். பாரம் சுமப்பது ஒன்று, பார்வைக்கு நிற்பது வேறு. 365 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் கட்டடத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

அந்தச் செங்கற் கூம்புக்குப் பின்னாலுள்ள சிந்தனையில் றென்னின் நண்பர் றொபட் ஹூக்குக்குப் பெரும் பங்கு உண்டு. தொங்கும் சங்கிலியொன்று எந்த வளைவில் தொங்குகிறதோ அதைத் தலைகீழாக்கினால் உறுதியாக நிற்கும் வளைவு கிடைக்கும் என்று சொன்னவர் ஹூக். முதற்கல்லை வைத்தவர் தொமஸ் ஸ்றோங் என்ற மேசன். அவருக்குப் பின் அவருடைய தம்பி எட்வேட் ஸ்றோங் உச்சிவரை வேலை செய்தார். இரும்பு வேலை ஷோன் தீஜூ என்ற பிரெஞ்சுக்காரருடையது. மரச் செதுக்கல்கள் கிறின்லிங் கிபன்ஸுடையவை. இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். கல் சுமந்தவர்களும் சாரம் கட்டியவர்களும் எத்தனை பேரோ!

1703இல் காலமான ஹூக்குக்கு, இவர்தான் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஓர் உருவப்படம் கூட இன்று இல்லை. ஒரே மாடத்துக்குத் தலையைக் கொடுத்த இரு நண்பர்களில் ஒருவரின் முகம் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது. மற்றவர் எப்படி இருந்தார் என்பதே தெரியாது.

றென்னின் கப்று தேவாலயத்தின் நிலவறையில் ஒரு மூலையில் இருக்கிறது. 1718இல், 85 வயதில், பதவியிலிருந்து அகற்றப்பட்டு, 1723இல் காலமானவர். ஆடம்பரமில்லாத ஒரு கறுப்புக் கல். அதற்கு மேலே சுவரில் இலத்தீனில் ஒரு வாசகம். இவருக்கு நினைவுச்சின்னம் தேடுபவர் சுற்றிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் கருத்து. நான் சுற்றிலும் பார்த்தேன். எனக்கு ஸ்றோங் சகோதரர்களின் நினைவுதான் வந்தது.

*

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் படம் மனதை விட்டுப் போகவில்லை. கடைக்காரரின் அனுமதியோடு கைத்தொலைபேசியில் எடுத்ததை அச்சிட்டு வைத்திருந்தேன். எங்கள் வீட்டுச் சுவரில் உருவப்படம் மாட்டும் வழக்கமில்லை. படமிருக்கும் வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டார்கள் என்று உம்மா சொல்லி வளர்த்த வீடு. ஆகவே அது ஒரு புத்தகத்துக்குள்தான் இருந்தது. இஸ்தான்புல்லின் சுலைமானியாப் பள்ளியைக் கட்டிய மாபெரும் கலைஞர் சினான் 1588இல் காலமானவர். கையில் அளவுகோலுடன் நிற்கும் ஒருவர் ஒரு சிற்றோவியத்தில் உண்டு. அவராக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதும் அந்தச் சிறு உருவத்துக்கு மேல் அவருடைய முகத்தைப் பற்றிப் பேச நம்மிடம் அதிகமில்லை. முகத்தைக் காப்பாற்றும் மரபு நமக்கில்லை. பெயரையும் வேலையையுமாவது காப்பாற்றியிருக்கிறோமா என்ற கேள்வி எனக்குப் பிறகுதான் வந்தது.

றென்னைப் பற்றித் தேடி வாசித்தபோது கிடைத்த ஒரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1713இல், அதாவது ஸ்மித்தின் படம் கடைக்கு வந்த அதே ஆண்டில், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் திருத்த வேலைகள் பற்றி அதன் முதல்வரான ஆயர் அற்றபரிக்கு றென் நீண்டதோர் அறிக்கை எழுதினார். கூரிய வளைவுகளும் உயர்ந்த தூண்களும் கொண்ட பழைய தேவாலயங்களின் பாணியை 'கோதிக்' என்று அழைப்பது தவறு என்று அதில் வாதிடுகிறார். கோத் இனத்தவர் கட்டியதை விட இடித்ததே அதிகம். அந்தப் பாணிக்குச் 'சரசென்' பாணி என்று பெயரிடுவதே நியாயம் என்பது அவருடைய முடிவு. போர்த்துக்கேயர் நம்மை 'மூர்' என்றது போல, ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்டிருந்த பழைய பெயர்தான் சரசென். கலையும் கல்வியும் மேற்கில் அற்றுப்போயிருந்த காலத்தில், கிரேக்கரிடமிருந்து அரபியர் பாடுபட்டு மொழிபெயர்த்து வைத்திருந்த நூல்களிலிருந்தே தம்மவர் அவற்றைத் திரும்பக் கடன் பெற்றனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

இது வெறும் வாய்ப் பேச்சல்ல. றென் இருந்த ஒக்ஸ்போர்ட் வானியற் கதிரையில் அவருக்கு முன்னர் இருந்தவர்களில் ஒருவர் ஜோன் கிறீவ்ஸ். அரபும் பாரசீகமும் கற்று, 1630களின் இறுதியில் கொன்ஸ்தாந்திநோபிளுக்கும் எகிப்துக்கும் போய் வந்தவர் அவர். துருக்கியில் நீண்ட காலம் வணிகம் செய்துவிட்டு 1680இல் திரும்பிய டட்லி நோர்த் என்பவருடன், துருக்கியர் குப்பாக்களின் மேல் ஈயம் பதிக்கும் முறை பற்றி றென் பேசியதாக நோர்த்தின் சகோதரர் எழுதி வைத்திருக்கிறார். பரிசுக்குப் போன ஒரு பயணத்தைத் தவிர வேறெங்கும் போனதாகத் தெரியாத மனிதர், போனவர்களைக் கேட்டுக் கேட்டு அறிந்திருக்கிறார்.

றென் சொன்னது முழுவதும் சரியா? இல்லை. கூரிய வளைவை முஸ்லிம்கள் முன்னரே கையாண்டது உண்மை. கெய்ரோவில் 879இல் நிறைவுற்ற இப்னு தூலூன் பள்ளியில் வரிசை வரிசையாக அதைக் காணலாம். குர்துபாப் பள்ளியில் பத்தாம் நூற்றாண்டிலேயே விலா எலும்புகள் போல வளைவுகள் பின்னிய குப்பாக்கள் எழுந்தன. ஆனால் இவற்றையெல்லாம் சேர்த்து, சுவரின் பாரத்தை வெளித் தாங்கிகளுக்கு மாற்றி, சுவர் முழுக்கக் கண்ணாடியாக்கிய அமைப்பு 1140களிலிருந்து வட பிரான்சில் வளர்ந்தது. இதை றென் பிரித்துப் பார்க்கவில்லை. 2020இல் டயனா டார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் றென்னின் கருத்தை முன்வைத்து ஒரு முழு நூலே எழுதியபோது அதை ஏற்றவர்களும் இருந்தார்கள், மறுத்தவர்களும் இருந்தார்கள்.

எனக்கு அப்போது இந்த நுணுக்கங்களில் அக்கறை இருக்கவில்லை. 2019 சித்திரையின் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், அதை அடுத்து வைகாசியில் பள்ளிகளும் கடைகளும் எரிந்ததும் நடந்து முடிந்த காலம் அது. நாம் யார், இந்த உலகத்துக்கு என்ன கொடுத்தோம் என்பதை யாருக்காவது நிரூபித்துக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது. ஆங்கிலேயரின் ஆகப் பெரிய கட்டடக் கலைஞர் தன் கைப்பட எழுதிய அந்த ஒப்புதல், மூழ்குபவனுக்குக் கிடைத்த மரக்கட்டை போல எனக்குக் கிடைத்தது.

அந்த ஆண்டின் கடைசியில் எங்கள் ஊர் நூலகத்தில் நடந்த சிறு கூட்டமொன்றில் இதைப் பற்றிப் பேசினேன். படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கேட்டவர்களின் முகம் மலர்ந்தது. என் முகமும் மலர்ந்துதான் இருந்திருக்கும்.

*

பேச்சு முடிந்து தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த வேளை, பின் வரிசையிலிருந்த முதியவர் கை காட்டினார். ஊரில் எல்லோரும் அவரை மேசன் மாமா என்றே அழைப்போம். எண்பதைத் தாண்டியவர்.

"தம்பி, வெள்ளக்காரன் நம்மட ஆக்கள்ட கடன ஒத்துக்கிட்டான் எண்டு சொன்னீங்க. நல்ல கததான். அப்ப நம்மட பழைய பள்ளிர குப்பாவக் கட்டினது ஆரு? அதச் சொல்லுங்க பாப்பம்."

நான் அக்காலத்துப் பள்ளித் தலைவரின் பெயரைச் சொன்னேன். பழைய பள்ளியின் சலவைக்கல்லில் முதலாவதாக இருந்த பெயர் அதுதான்.

"கட்டுவிச்சவர நான் கேக்கல்ல. கட்டினவரக் கேக்கன்."

எனக்குத் தெரியவில்லை. அங்கிருந்த யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பள்ளியில்தான் நான் ஓதப் பழகினேன். அந்தக் குப்பாவின் கீழ்தான் வாப்பாவின் ஜனாஸாத் தொழுகை நடந்தது. 2006இல் புதிய பள்ளிக்காக அதை இடித்தபோது, கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஒன்றாக இறுகிப்போய்க் குப்பா மட்டும் மூன்று நாட்கள் சம்மட்டிக்கு அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

மறுநாள் காலையில் மேசன் மாமாவின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்தபடி சொன்னார். குப்பா கட்டப்பட்டபோது அவர் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை; சாந்து சுமக்கப் போனவர். கட்டியவர் ஆற்றுக்கு அப்பாலுள்ள தமிழ் ஊரைச் சேர்ந்த மேசன். பள்ளியின் கதவு நிலைகளைச் செய்தவர் காலிப் பக்கமிருந்து வந்த சிங்கள பாஸ் ஒருவர். தமிழ் மேசன் பள்ளிக்குள் வரும்போதெல்லாம் ஹவுளில் கால் கழுவிவிட்டுத்தான் ஏறுவாராம். வாங்கு சொன்னால் சாரத்திலிருந்து இறங்கி, தொழுகை முடியும்வரை வேப்ப மரத்தின் கீழ் காத்திருப்பாராம். சாந்து சுமந்த அந்தப் பிள்ளைக்கு மேசன் வேலையைப் படிப்பித்தவரும் அவர்தான்.

"வளைவு பிசகாம எப்பிடிக் கட்டினார்?" என்று கேட்டேன்.

"நடுவில ஒரு முளை. அதில ஒரு கயிறு. ஒவ்வொரு கல்லு வைக்கக்கையும் கயித்த இழுத்துப் பாப்பார். கயிறு சொல்ற இடத்திலதான் கல்லு இரிக்கும்."

றென்னின் கையிலிருந்த கவராயம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு முனையை ஊன்றி மறு முனையைச் சுழற்றுவது. முளையும் கயிறும் செய்வது அதே வேலைதான். படத்தில் அதைப் பிடித்திருக்கும் விரல்களை மினுக்கி மினுக்கி வெளிச்சமாக்கியிருந்தார் ஜோன் ஸ்மித். எங்கள் மேசனின் விரல்களை யாரும் மினுக்கவில்லை.

"இத ஏன் இவ்வளவு நாளும் நீங்க சொல்லல்ல?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "தொண்ணூறுக்குப் பொறகு ஆருக்கிட்டச் சொல்ற தம்பி?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. 1990இல் எங்கள் கரையோரத்தில் இரண்டு பக்கமும் சிந்திய இரத்தத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பள்ளிக்குள் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்ட ஆண்டு அது. தமிழ்க் கிராமங்களும் எரிந்தன. பள்ளியின் குப்பாவைக் கட்டியவர் தமிழர் என்று சொல்வது அதன் பிறகு பொருத்தமில்லாத பேச்சாகிவிட்டது. யாரும் திட்டமிட்டு அதை அழிக்கவில்லை. பேசாமல் விட்டார்கள், அவ்வளவுதான். மினுக்காமல் விட்ட இடம் தானாகவே இருட்டாக இருந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புத்தகத்திலிருந்து படத்தை எடுத்து மீண்டும் பார்த்தேன். றென் வாழ்ந்த காலத்தில் துருக்கியர் ஐரோப்பாவுக்கு அந்நியர் மட்டுமல்லர். 1683இல் வியன்னாவின் வாசல்வரை வந்து நின்ற எதிரிகள். அவர் எழுதிய நாட்டில் 'சரசென்' என்பது சிலுவைப் போர்க் கதைகளில் வரும் பகைவரின் பெயர். அப்படிப்பட்டவர்களுக்குத் தன் நாட்டின் புனிதக் கட்டடங்கள் கடன்பட்டிருக்கின்றன என்று ஓர் ஆயருக்கே எண்பது வயது மனிதர் எழுதியிருக்கிறார். அதன் சரித்திரக் கணக்கில் பிழை இருக்கலாம்; மனதில் பிழை இல்லை. அந்த ஒப்புதலை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திய எனக்கு, அதே அளவுகோலை என் ஊர்ப் பள்ளிக்கு வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பிறர் நமக்குப் பட்ட கடனை எண்ணுவது இனிப்பாகத்தான் இருக்கிறது. நாம் பட்ட கடனை மேசன் மாமா வந்து கேட்க வேண்டியிருந்தது.

2020 தைமாதத்தில் இருவரும் ஆற்றைக் கடந்து அந்த ஊருக்குப் போனோம். கட்டியவரின் பேரனைக் கண்டோம். நாற்பது வயதிருக்கும், அவரும் மேசன்தான். தன் அப்பப்பா ஒரு பள்ளிவாசலின் குப்பாவைக் கட்டினார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. புகைப்படம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். வீட்டில் இருந்ததெல்லாம் தொண்ணூறில் எரிந்துவிட்டன என்றார். மனைவி பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். மேசன் மாமா அவருடைய அப்பப்பா எப்படி இருப்பார் என்று சொல்லத் தொடங்கினார்: உயரம், நடை, சாந்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை மூக்கருகே கொண்டுபோகும் பழக்கம், கோபம் வந்தால் பேசாமல் கீழே இறங்கிவிடும் குணம். பேரன் கோப்பையைக் கையில் வைத்தபடி ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்முன்னால் ஒரு முகம் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.

குடும்பத்தாரின் விருப்பத்தைக் கேட்காமல் அவர் பெயரை இங்கே எழுதுவது முறையல்ல என்பதால் எழுதவில்லை. எங்கள் பள்ளி நிர்வாக சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். புதிய பள்ளியின் முகப்பிலுள்ள சலவைக்கல்லில் நன்கொடையாளர்கள் எல்லோருடைய பெயரும் இருக்கிறது. அதன் கீழே, முன்பிருந்த பள்ளியின் குப்பாவைக் கட்டிய மேசனின் பெயரையும், கதவு நிலைகளைச் செய்த பாஸ் காலியைச் சேர்ந்தவர் என்பதையும் ஒரு வரியில் பொறிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். சபை இரண்டு முறை மாறிவிட்டது. இப்போதுள்ளவர்களும் பார்ப்போம் என்றே சொல்கிறார்கள்.

மேசன் மாமா 2022இல் மௌத்தானார். அவர் சொன்னவற்றை அன்று மாலையே ஒரு கொப்பியில் எழுதி வைத்தது நான் செய்த ஒரே நல்ல காரியம். இதை வாசிக்கும் நண்பர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊர்ப் பழைய பள்ளியையோ தைக்காவையோ இடிக்கத் தீர்மானித்தால், சம்மட்டி எடுக்குமுன் வயதானவர் ஒருவரைத் தேடிப் போய்க் கேளுங்கள். கட்டுவித்தவரின் பெயர் கல்லிலேயே இருக்கும். கட்டியவரின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.